அப்பா விட்டுப்போன ஸ்போர்ட் ரிம்: எங்கே விற்றால் என்ன மிஞ்சும்?

கொஞ்ச நாளாக ஒரே கேள்வி வேறுவேறு ஆட்களிடமிருந்து வருகிறது. அப்பாவோ மாமாவோ ஒரு காலத்தில் டட்சன் 120ஒய் ஓட்டினார், இல்லாவிட்டால் கேஈ70 கொரோலா. கார் எப்போதோ பழைய இரும்புக்குப் போய்விட்டது. நாலு ஸ்போர்ட் ரிம் (அலாய் சக்கரம்) மட்டும் வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகையில் கிடக்கிறது, இரண்டின் மேல் பூச்சட்டி உட்கார்ந்திருக்கிறது. ஒருநாள் கைப்பேசியில் அதே மாதிரி ரிம் கண்ணில் படுகிறது. விலையைப் பார்த்ததும் அன்றைக்குத் தூக்கம் போய்விடுகிறது. மறுநாள் எனக்கு ஒரு படம் வரும்: "அண்ணே, இதை ஹாஃப்கட் கடையில் கொடுத்துவிடலாமா, முடாவில் போடலாமா, ஈபேயா, இல்லை ஜப்பான்காரனுக்கே விற்கலாமா?" (ஹாஃப்கட் கடை என்றால் பாதியாக வெட்டி இறக்கிய பழைய கார்களின் பாகம் விற்கும் கடை, முடா என்றால் பழைய பொருள் விற்கும் இணையத்தளம்.)

மலேசியாவில், கிள்ளானில் பழைய ரிம் வாங்கி விற்றுக் கொஞ்ச காலம் தள்ளியவன் என்ற முறையில் சொல்கிறேன். எந்த வழி நல்லது என்பது ரிம்மைப் பார்க்காமல் சொல்லக்கூடியது இல்லை. அதன் பெயர் விலையைத் தீர்மானிக்கும். ஆனால் அதை வாங்கப்போகும் ஆளைத் தீர்மானிப்பது அளவு. பெரும்பாலானவர்கள் பெயரை மட்டும் பார்த்துவிட்டு, அளவு எடுக்காமலே சந்தையைத் தேர்ந்தெடுக்கிறார்கள். சிக்கல் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

## வழியைத் தேர்வதற்கு முன் பார்க்க வேண்டியவை

பெயர். ரிம்மைக் குப்புறப் போட்டு, சோப்புத் தண்ணீரும் பழைய பல்துலக்கியும் வைத்துப் பின்பக்கத்தைக் கழுவுங்கள். கம்பி பிரஷ் வேண்டாம். பின்பக்கத்திலோ ஸ்போக்குக்கு நடுவிலோ வார்ப்பிலேயே எழுத்து எழும்பியிருக்கும். ஜேடபிள்யூஎல் என்ற முத்திரையைப் பார்த்ததும் "ஜப்பான் ஒரிஜினல்" என்று பலர் துள்ளிக் குதிப்பார்கள். அது ஜப்பான் போக்குவரத்து அமைச்சின் தரத்துக்கு இந்த ரிம் உட்பட்டது என்று தயாரிப்பாளர் போடும் அடையாளம், அவ்வளவுதான். பக்கத்தில் விஐஏ என்று இருந்தால், வெளி அமைப்பு ஒன்று சோதித்துப் பதிவு செய்திருக்கிறது என்று அர்த்தம். தைவானிலும் சீனாவிலும் வார்த்த ரிம்மிலும் இந்த இரண்டு முத்திரையும் இருக்கும். அந்த ஏற்பாடு வருவதற்கு முன் செய்த உண்மையான பழைய ஜப்பான் ரிம்மில் இரண்டுமே இல்லாமலும் போகலாம். முத்திரையை நம்பி விலை போட முடியாது.

என்கெய் என்ற பெயர் இன்னொரு பொறி. 1950ல் ஹமமட்சுவில் தொடங்கிய நிறுவனம் அது. அந்தப் பகுதியின் பழைய பெயர் என்ஷு, 'கெய்கோகின்' என்றால் இலேசான உலோகக் கலவை. இரண்டும் சேர்ந்துதான் என்கெய். அவர்கள் சந்தைக்கு ரிம் செய்தார்கள், கார் கம்பெனிகளுக்கும் செய்து கொடுத்தார்கள். அதனால் பின்னால் என்கெய் என்று இருக்கிற ரிம், காரோடு வந்த சாதாரண ரிம்மாகவே இருக்கலாம். என்கெய் பாஹா, என்கெய் அப்பாச்சி மாதிரி தனி வடிவம் என்றால் கதை வேறு.

வத்தனாபே என்றால் எட்டு ஸ்போக். யோகோஹாமாவைச் சேர்ந்த இந்த ரிம் நிசானின் ஹகோசுகா ஸ்கைலைனிலும் ஃபேர்லேடி இசட்டிலும் டொயோட்டாவின் ஏஈ86லும் ஏறி ஏறியே பெயர் வாங்கியது. அதே சாயலில் பிலிப்பைன்ஸின் ரோட்டாவும் ஒன்று விற்கிறது. படத்தில் பார்த்தால் பிரித்துச் சொல்வது கஷ்டம், பின்பக்கத்து எழுத்தைப் படித்தால் ஒரு நிமிட வேலை. விற்கிறவர் முன்பக்கப் படம் மட்டும் போட்டால், வாங்குகிறவர் சந்தேகப்படுவது நியாயம்தானே.

அப்புறம், அந்த ரிம்மை இன்னும் செய்கிறார்களா என்று பாருங்கள். ஜப்பான் ரிம் நிறுவனங்களான எஸ்எஸ்ஆர் தன் மார்க் வரிசையையும், வொர்க் தன் எக்விப் வரிசையையும் திரும்ப வெளியிட்டிருக்கின்றன. புதிதாக, விரிசல் பயம் இல்லாமல் அதே முகம் கடையில் கிடைக்கும்போது, பழையதற்கு ஒரு உச்சவரம்பு தானாக விழுந்துவிடும். அந்த வரம்பைத் தாண்டுவது இரண்டு வகைதான்: மறுவெளியீட்டில் இல்லாத அளவு, இல்லாவிட்டால் திரும்ப வராமலே போன வடிவம்.

அளவு. இதற்கு ஒரு டேப்பும் பத்து நிமிடமும் போதும், ஆனாலும் யாரும் செய்வதில்லை. நாலு ஓட்டை ரிம்மில் எதிரெதிர் ஓட்டைகளின் மையத்துக்கு மையம் அளந்தால் அதுதான் பிசிடி. 114.3 மில்லிமீட்டர் வந்தால் 120ஒய், கேஈ70, ஏஈ86, பழைய ஃபேர்லேடி இசட் எல்லாம் உங்கள் சந்தை. 110 வந்தால் மஸ்டா ஆர்எக்ஸ்-3, முதல் தலைமுறை ஆர்எக்ஸ்-7 வைத்திருப்பவர்கள் உங்களைத் தேடி வருவார்கள். 100 என்றால் ஹோண்டா சிவிக் ஆட்கள். 114.3க்கும் 110க்கும் வித்தியாசம் நாலு மில்லிமீட்டர்தான், வளைந்த டேப்பில் அது காணாமல் போய்விடும். மையத்தைக் கண்ணால் குறிப்பதைவிட, ஒரு ஓட்டையின் வெளி விளிம்பிலிருந்து எதிர் ஓட்டையின் உள் விளிம்புவரை அளந்தால் பிழை வராது, அதுவும் அதே பிசிடிதான்.

அகலம் பின்னால் 14×6ஜேஜே (விட்டம் 14, அகலம் 6 அங்குலம்) என்பது போல எழுதியிருக்கும். ஆஃப்செட், அதாவது காரில் உட்காரும் முகம் ரிம்மின் அகலத்து நடுக்கோட்டிலிருந்து எத்தனை மில்லிமீட்டர் தள்ளியிருக்கிறது என்ற எண், எழுதியிருந்தால் அதிர்ஷ்டம், இல்லையென்றால் கணக்குப் போட வேண்டும். ரிம்மைக் குப்புறப் போட்டு, மேல் விளிம்பில் ஒரு நேர்க்கட்டையை வைத்து, அங்கிருந்து கார் ஹப்பில் உட்காரும் தட்டையான முகம்வரை ஆழம் பாருங்கள். 95 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். 6 அங்குல ரிம்முக்கு விளிம்போடு சேர்த்து மொத்த அகலம் சுமார் 178, அதில் பாதி 89. 95ல் 89 போனால் ஆஃப்செட் பிளஸ் 6. இந்த எண் பூச்சியத்தை நெருங்க நெருங்க, மைனஸுக்குப் போகப் போக, முன்பக்கக் குழி ஆழமாகும். ஆழமான குழிக்குத்தான் இந்த உலகம் பைத்தியம் பிடித்து அலைகிறது. ஒரே பெயர், ஒரே வருடம், பிளஸ் 25 ரிம் ஒரு ஓரத்தில் தூங்கும், பூச்சிய ஆஃப்செட் ரிம்முக்கு அடிபிடி நடக்கும்.

மூன்று துண்டு ரிம்மில் பின்னால் எழுதியிருப்பதையும் நம்பாதீர்கள். நடு முகம், வெளி வளையம், உள் வளையம் மூன்றையும் போல்ட் போட்டு இறுக்கியது அது. இருபது வருடத்துக்கு முன் யாராவது வளையத்தை மாற்றி அகலமாக்கியிருக்கலாம். இது குறை இல்லை. வளையம் கெட்டுப்போன மூன்று துண்டு ரிம்முக்குக்கூட அதனால்தான் ஆள் இருக்கிறது, அவர்களுக்கு நடு முகம் போதும்.

நிலை. விரிசல் இருக்கிறதா என்று பட்டறையில் சாயம் ஸ்பிரே அடித்துப் பார்க்கச் சொல்லுங்கள். நட்டு ஓட்டையைச் சுற்றியும் ஸ்போக் வேரிலும் முக்கியமாகப் பார்க்க வேண்டும். ரிம் வழக்கத்துக்கு மாறாக இலேசாக இருந்தால் மெக்னீசியமாக இருக்கலாம். அலுமினியத்தைவிட மூன்றில் ஒரு பங்கு குறைவான அடர்த்தி அதற்கு. பின்னால் பெயிண்ட் உதிர்ந்த இடத்தில் ஒரு சொட்டு வினிகர் விடுங்கள். உடனே நுரைத்தால் மெக்னீசியம், உடனே தண்ணீர் விட்டுக் கழுவிவிடுங்கள். 1969ல் வந்த ஃபேர்லேடி இசட்432க்குக் கோபே செய்கோ செய்த மெக்னீசியம் ரிம் மாதிரி எதுவும் உங்கள் கொட்டகையில் இருக்க வாய்ப்பு குறைவுதான். இருந்தால் இந்தக் கட்டுரையை இங்கேயே நிறுத்திவிட்டு எனக்குப் படம் அனுப்புங்கள்.

கடைசியாக, உங்கள் பொறுமை. ஒரு மாதத்தில் காசு வேண்டுமா, ஒரு வருடம் ஆனாலும் பரவாயில்லையா? இதை நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

## ஹாஃப்கட் கடை, ரிம் கடை

காலையில் கொண்டுபோனால் மத்தியானம் காசு. அவர்கள் பெரும்பாலும் அங்குலக் கணக்கில் விலை பேசுவார்கள், பெயருக்குக் காசு கிடைக்காது. 13 அங்குலம் என்றால் முகம் சுளிப்பார்கள், அதற்கு நல்ல டயர் கிடைப்பது குறைந்துவிட்டது என்பது அவர்கள் காரணம். அது பொய்யும் இல்லை.

மறைந்திருக்கும் செலவு ரிம்மில் இல்லை, கூடவே போகும் உருப்படிகளில் இருக்கிறது. நான் ஒரு கடையில் 350 வெள்ளிக்கு (ரிங்கிட்) ஒரு செட் கொடுத்தேன், நடு மூடி நாலும் நட்டுகளும் ஒரு பிளாஸ்டிக் பையில் கூடவே போயின. பழைய நடு மூடிக்குத் தனியாக ஆள் அலைகிறார்கள் என்று எனக்கு அப்போது தெரியாது. பழைய ரிம் பலவற்றுக்கு நேரான கழுத்தும் வாஷரும் உள்ள நட்டு வேண்டும், இன்றைய கூம்பு நட்டு அதில் சரியாக உட்காராது. ரிம்மோடு அந்த நட்டும் இருந்தால் வாங்குகிறவருக்கு அதுவே பெரிய நிம்மதி. கடைக்குத்தான் கொடுப்பது என்று முடிவு செய்தாலும் அந்தப் பையை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள்.

காரோடு வந்த ரிம், நகல், விரிசல் விட்ட ஒரு துண்டு ரிம் இதற்கெல்லாம் கடைதான் சரியான இடம். விரிசல் ரிம்மை இன்னொருவர் காரில் மாட்ட விடுவதைவிட, எடைக்குப் போட்டு உருக்கிவிடுவது மேல்.

## முடா, ஃபேஸ்புக் குழு, பழைய கார் கிளப்

நூற்றுக்கு எண்பது ரிம்முக்கு என் விடை இதுதான். டான் சோங் நிறுவனம் கோலாலம்பூர் செகாம்புட்டில் பொருத்தி விற்ற 120ஒய்யும், அந்தக் காலத்து கொரோலாக்களும் இன்னும் இந்த நாட்டில் ஓடிக்கொண்டிருக்கின்றன. 13, 14 அங்குலம், 114.3 பிசிடி ரிம்மைத் தேடுகிறவர் உங்கள் வீட்டிலிருந்து இரண்டு மணி நேரத் தொலைவில் இருக்கிறார். அனுப்பும் செலவு இல்லை. காரோடு வந்து, ஒரு ரிம்மை மாட்டிப் பார்த்து, திருப்தியாகக் காசு கொடுத்துவிட்டுப் போவார். வெளிநாட்டு விலையில் முக்கால்வாசி கிடைத்தாலும் கையில் மிஞ்சுவது இங்கே கூடுதலாக இருக்கும்.

விலை கொடுக்க வேண்டியது நேரத்தில். "லாஸ்ட் பிரைஸ் எவ்வளவு பாஸ்?" என்று பத்து பேர் கேட்டுவிட்டு ஒன்பது பேர் காணாமல் போவார்கள். இரண்டு ரிம் மட்டும் கொடு என்பார் ஒருவர். நாலும் ஒரே அளவு என்றால் பிரிக்காதீர்கள். மீதி இரண்டு உங்களிடமே கிழமாகிவிடும்.

முடாவைவிடக் கிளப் நல்லது. முடாவில் தேடுகிறவர் மலிவைத் தேடுகிறார். கிளப்பில் இருப்பவருக்கு அது என்ன ரிம் என்று உங்களைவிடத் தெரியும், ஆகவே பின்பக்கப் படத்தையும் ஆஃப்செட்டையும் போட்டால் பேச்சு நேராக விலைக்கு வந்துவிடும். தெரியாத ரிம்மை அங்கே "அபூர்வம்" என்று போட்டால் மட்டும் மரியாதை போய்விடும்.

## ஈபே வழியாக வெளிநாடு

ஆஸ்திரேலியாவில் பழைய டட்சனுக்கும் ரோட்டரி மஸ்டாவுக்கும், அமெரிக்காவில் பழைய இசட் காருக்கும் பெரிய கூட்டம் உண்டு. 110 பிசிடி ரிம் உங்களிடம் இருந்தால், உள்ளூரில் ஆறு மாதம் உட்காருவதைவிட இங்கே போவது மேல்.

ஆனால் பெட்டிக் கணக்கைப் போட்டுவிட்டு இறங்குங்கள். 14 அங்குல ரிம்மின் வெளி விட்டம் சுமார் 39 சென்டிமீட்டர். சுற்றிலும் நுரை வைத்துக் கட்டினால் பெட்டி 43×43×22 ஆகிவிடும். கூரியர்கள் நீளம், அகலம், உயரம் பெருக்கி 5000ஆல் வகுத்து வரும் எடைக்குக் காசு கேட்பார்கள். இந்தப் பெட்டிக்கு அது 8 கிலோ. ரிம்மின் உண்மை எடை ஐந்தரை கிலோவாக இருந்தாலும் நீங்கள் 8 கிலோவுக்குக் கட்டுகிறீர்கள், அதுவும் நாலு தடவை. காற்றுக்குக் காசு கொடுப்பது என்பது இதுதான்.

இன்னும் இருக்கிறது. பழைய டயரைக் கழற்ற வேண்டும், டயர் கடை இயந்திரம் விளிம்பைக் கீறினால் அந்தக் கீறல் உங்கள் கணக்கு. தளத்தின் கட்டணம் பத்தில் ஒரு பங்குக்கும் மேல். ஆஸ்திரேலியாவுக்கு என்றால் ரிம்மில் மண் துளி இருக்கக் கூடாது, அங்கே தாவரநோய்க் கட்டுப்பாட்டில் நிறுத்திவிடுவார்கள். வாங்கியவர் "சொன்னபடி இல்லை" என்று புகார் செய்தால் காசு திரும்பப் போகும், ரிம் திரும்பி வருவதற்கும் நீங்களே செலவு செய்வீர்கள். அளவைத் தப்பாக எழுதுகிறவர் மாட்டிக்கொள்வது இந்த இடத்தில்தான்.

## ஜப்பானுக்கே திருப்பி அனுப்புவது

கேட்க அழகாக இருக்கிறது, பெரும்பாலும் நஷ்டம். ஜப்பானின் யாஹூ ஏலத்தில் வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு வாங்கித் தர இடைத்தரகு நிறுவனங்கள் நிறைய உண்டு. நீங்கள் விற்க அவை உதவாது. அங்கே குடியிருக்கும் ஒருவர் தன் பெயரில் போட்டு, ஜப்பானிய மொழியில் கேள்விக்குப் பதில் எழுதி, கட்டி அனுப்ப வேண்டும். உள்ளே போகும்போது 10 சதவீத நுகர்வு வரி. போதாதற்கு அந்தச் சந்தையில் ஒவ்வொரு கீறலையும் தனித்தனியாகப் படமெடுத்துப் போடுவது வழக்கம், மங்கலான மூன்று படத்தோடு போகிறவரை யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். உங்களிடம் இருக்கிற சாதாரண ரிம் அங்கே ஏற்கெனவே பக்கம் பக்கமாகக் கிடக்கிறது.

மெக்னீசியம் பந்தய ரிம், திரும்ப வராத வடிவம், ஒரு கார் கம்பெனி அந்தக் காலத்தில் கொஞ்சமாக மட்டும் கொடுத்த ரிம், இந்த மூன்றுக்கு மட்டும் ஜப்பான். அங்கே நம்பகமான ஆள் இல்லையென்றால் அதுவும் வேண்டாம்.

## ஒரே பார்வையில்

| வழி | காசு கைக்கு வர | மறைந்திருக்கும் செலவு | யாருக்கு ஏற்றது |
|---|---|---|---|
| ரிம் கடை | அன்றே | நடு மூடி, நட்டு இலவசமாகப் போவது | நகல், விரிசல், காரோடு வந்த ரிம் |
| உள்ளூர் கிளப் | சில வாரம் முதல் சில மாதம் | உங்கள் நேரம், பேரம் | 114.3 பிசிடி, 13–14 அங்குலம் |
| ஈபே | ஓரிரு மாதம் | பெட்டி எடை, கட்டணம், திருப்பி அனுப்பும் ஆபத்து | 110 பிசிடி, ஆழக் குழி, பெயர் உறுதியானது |
| ஜப்பான் | சொல்ல முடியாது | ஆள், வரி, இரண்டு தடவை அனுப்புவது | நிஜமாகவே அபூர்வமானது |

## பாலிஷ் போட்டு விற்கலாமா?

எல்லோரும் கடைசியில் இதைக் கேட்பார்கள். முதலிலேயே கேட்டிருக்கலாம், ஏனென்றால் பாதிப் பேர் அதற்குள் செய்து முடித்திருப்பார்கள்.

கடைக்கோ முடாவுக்கோ போகும் சாதாரண ரிம் என்றால் கழுவித் துடைத்தால் போதும். பாலிஷுக்குக் கொடுக்கும் காசு விலையில் திரும்பி வராது. பெயருள்ள ரிம் என்றால் கைவைக்கவே வேண்டாம். பழைய தங்க நிறப் பெயிண்ட், ஓரம் தேய்ந்த ஸ்டிக்கர், வளையத்தின் மேல் இருக்கும் ஆனோடைஸ் பூச்சு இவையெல்லாம் சேர்ந்துதான் "இது அந்தக் காலத்தது" என்று சாட்சி சொல்கின்றன. பாலிஷ் சக்கரம் அந்தச் சாட்சியை ஒரு மணி நேரத்தில் அழித்துவிடும். பவுடர் கோட்டிங் இன்னும் மோசம்: அடுப்பில் 200 டிகிரி அளவுக்குச் சூடு ஏறும், பழைய அலாயை அந்தச் சூட்டில் வைத்தவரிடமிருந்து விவரம் தெரிந்தவர் வாங்கத் தயங்குவார். தவிர, புதுப் பெயிண்டுக்குக் கீழே என்ன வெல்டிங் இருக்கிறதோ என்ற சந்தேகமும் வரும்.

மெக்னீசியத்தை அரம், கிரைண்டர் எதுவும் தொடக் கூடாது. அதன் தூள் தீப்பிடிக்கும், தண்ணீர் ஊற்றினால் இன்னும் வேகமாக எரியும். போமென் (பட்டறை மெக்கானிக்) எவ்வளவு அனுபவசாலியாக இருந்தாலும் சரி, இதை முதலில் அவரிடம் சொல்லிவிடுங்கள்.

## எழுதிக் கேட்டவர்களுக்கு

ஈப்போ தம்பி: உங்கள் ரிம் பின்னால் என்கெய், 13×5ஜே, ஆஃப்செட் 35. காரோடு வந்தது. டயரோடு சேர்த்துக் கடையில் கொடுத்துவிடுங்கள்.

ரவாங்கிலிருந்து எழுதிய அக்கா: மாமா வைத்திருந்த மூன்று துண்டு ரிம் அது. ஒன்றின் வளையம் நசுங்கியிருப்பதைப் பார்த்து பயப்பட வேண்டாம். நடு முகம் நாலும் சுத்தமாக இருக்கிறது. படத்தில் தெரிகிற துரு போல்ட்டைக் கழற்ற முயற்சிக்காமல் அப்படியே கிளப்பில் போடுங்கள். நசுங்கிய இடத்தின் படத்தை முதலில் வையுங்கள்.

சிரம்பான்காரருக்கு இன்னும் பதில் இல்லை. நாலு தடவை கேட்டும் முன்பக்கப் படத்தையே அனுப்புகிறார். பூச்சட்டியை இறக்கிவிட்டு ரிம்மை ஒருமுறை திருப்பிப் போடுங்கள் ஐயா.